சூடானால் மட்டும் செல்ஃப் எடுக்காத பழைய டீசல் பிக்கப்: எங்கே தேடுவது?

முருங்கைலோடு (ஒட்டன்சத்திரம்)

எல்லோருக்கும் வணக்கம். 2004 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர், ரோட்டரி பம்ப், 12 வோல்ட். மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு பாலக்காடு பக்கம் ஓட்டுவதுதான் வேலை. இழுவை, மைலேஜ், புகை எதிலும் குறை கிடையாது. ஒரே ஒரு தொல்லைதான் விடாமல் படுத்துகிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். நன்றாக ஓட்டிவிட்டு டீக்கடையில் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து வந்து சாவி போட்டால் சில நாள் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காது. இன்ஜின் பக்கம் ஒரே ஒரு ‘டிக்’. சில நாள் அந்தச் சத்தமும் வராது. ஹெட்லைட் போட்டால் பளிச்சென்று எரிகிறது. அரைமணி நேரம் விட்டால் தானாகவே எடுத்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் எத்தனை தடவை சாவி போட்டாலும் எடுக்கிறது; மெக்கானிக்கிடம் காட்டவே முடியவில்லை.

பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது மோட்டாரையே முழுசாகப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். பணம் போடுவதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லோடு ஏற்றிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஆள் கிடைப்பதில்லை. தக்காளியும் காத்திருக்காது.


சேலம்பம்ப்

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எங்களிடம் வரும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. அது டீசல் பக்கத்துக் கோளாறு. இன்னொன்று செல்ஃபே சுற்றாதது. அது கரண்ட் பக்கம். இரண்டையும் கலந்து சொன்னால் பதில் சொல்பவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

டீசல் பக்கமாக இருந்தால் ரோட்டரி பம்பின் மேலே உள்ள ஸ்டாப் சொலினாய்டைத்தான் (கரண்ட் வந்தால் டீசல் வழியைத் திறக்கும் மின்காந்த வால்வு) முதலில் பார்ப்பேன். சாவியை ஆன் செய்துவிட்டு அதன் வயரைக் கழற்றி மறுபடி தொட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லையென்றால் அதற்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தும் சத்தமில்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது. அது திறக்காவிட்டால் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் டீசல் உள்ளே போகாது.


முருங்கைலோடு

செல்ஃபே சுற்றுவதில்லை அண்ணே. சுற்றினால் உடனே பிடித்துவிடும். டீசல் பக்கம் சுத்தம்.


சேலம்பம்ப்

சரி, அப்படியென்றால் என் பாடம் இல்லை. வயரிங் ஆட்கள் வரட்டும்.


கோத்தகிரி_டெம்போ

எங்கள் பக்கம் மார்கழியில் எல்லாப் பழைய டீசலும் இப்படித்தான் அடம் பிடிக்கும். ஹீட்டர் பிளக் பார்த்தீர்களா? இன்ஜின் ஆயில் எந்த கிரேடு? 20டபிள்யூ-50 ஊற்றி வைத்திருந்தால் குளிரில் செல்ஃப் திணறும். 15டபிள்யூ-40 மாற்றிய பிறகு எங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது.


நாமக்கல்வயரிங்

கோத்தகிரி நண்பர் சொல்வது மலையில் சரி. ஆனால் இவருக்குக் குளிரில் எடுக்கிறது, சூட்டில்தான் எடுக்கவில்லை. இது நேர் எதிர்ச் சங்கதி.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இரவில் ஒரு தடவை இதைப் பாருங்கள்: ஹெட்லைட்டைப் போட்டு, ஒரு சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். செல்ஃப் எடுக்காத நேரத்தில் சாவியைத் திருப்பிப் பிடித்தபடி சுவரில் விழும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் கரண்ட் பெரிதாகப் போகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பேட்டரி, டெர்மினல், எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸ்ஸுக்குத் திரும்பும் இணைப்பு), அல்லது மோட்டார் இறுகிப்போனது இவற்றில் ஒன்று. வெளிச்சம் அசையாமல் அப்படியே நின்றால் பெரிய கரண்ட் புறப்படவே இல்லை. அப்போது சாவி ஸ்விட்ச், அங்கிருந்து செல்ஃபுக்குப் போகும் சின்ன வயர், செல்ஃபோடு இருக்கும் சொலினாய்டு (பெரிய கரண்ட்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்), உள்ளே இருக்கும் பிரஷ், இவற்றின் மேல்தான் சந்தேகம்.

சத்தத்துக்கும் பொருள் உண்டு. ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ‘டிக்’ என்றால் சொலினாய்டு அசைகிறது, ஆனால் முழுசாக உள்ளே போய்க் காண்டாக்ட் தொடவில்லை. அல்லது தொட்டும் செப்புக் காண்டாக்ட் கரைந்துபோய் கரண்ட் தாண்டவில்லை. சத்தமே இல்லையென்றால் சொலினாய்டுக்குப் போதுமான கரண்ட் போகவில்லை. உங்களுக்கு ‘டிக்’கும் வருகிறது, சில நாள் மௌனமும் இருக்கிறது. இரண்டும் மாறி மாறி வருவதால் என் கண் அந்தச் சின்ன வயர் மேல்தான் போகிறது. ஆனால் அளக்காமல் நான் எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.


ஒட்டடைப்பட்டறை (திருச்சி)

இவ்வளவு யோசனை எதற்கு? சூட்டில் நிற்கிறது என்றால் செல்ஃப் மோட்டார்தான். அடுத்த தடவை எடுக்காதபோது ஒரு சுத்தியல் பிடியால் மோட்டார் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். எடுத்துவிட்டால் மோட்டார் கேஸ், புதிது போடுங்கள். முப்பது வருடமாக இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.


நாமக்கல்வயரிங்

திருச்சி அண்ணன் அனுபவத்தை மதிக்கிறேன். தட்டினால் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொலினாய்டுக்குள் இரண்டு கம்பிச் சுற்று உண்டு. ஒன்று இழுக்கும் சுற்று, இன்னொன்று பிடித்து வைக்கும் சுற்று. பிடிக்கும் சுற்று நேராக பாடிக்கு எர்த் ஆகிறது. இழுக்கும் சுற்று அப்படி இல்லை. அது மோட்டாரின் பிரஷ், ஆர்மேச்சர் வழியாகத்தான் எர்த் போய்ச் சேரும். பிரஷ் தேய்ந்து தொடாமல் நின்றால் இழுக்கும் சுற்றுக்கு வழியே இல்லை, சொலினாய்டு அசையாது. தட்டினால் பிரஷ் தொடுகிறது, வண்டி எடுக்கிறது. ஆக, மோட்டார் தேய்ந்திருந்தால் சொலினாய்டு கெட்டதுபோலத் தெரியும்.

ஆனால் இவர் பிரஷ் மாற்றியாகிவிட்டது. அதோடு இன்னொன்று. இப்போது வரும் கியர் ரிடக்‌ஷன் செல்ஃப் பலவற்றில் ஃபீல்டு காயில் கிடையாது, நிலைக்காந்தம் ஒட்டியிருக்கும். அதைத் தட்டினால் காந்தம் விரிசல் விட்டு உள்ளே உடைந்து விழும். நன்றாக இருந்த மோட்டாரும் போய்விடும். தெரியாத மோட்டாரைத் தட்டாதீர்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. சிலர் ஸ்க்ரூ டிரைவரை சொலினாய்டு மேல் வைத்து ஷார்ட் பண்ணி எடுக்கிறார்கள். கியரில் நிற்கும் வண்டி அப்படியே கிளம்பி எதிரில் நிற்பவர் மேல் ஏறிவிடும். டீசல் வண்டி லோ கியரில் கிளம்பினால் கையால் நிறுத்தவே முடியாது. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், இந்த மூன்றும் இல்லாமல் யாரும் செல்ஃப் பக்கம் கை வைக்க வேண்டாம்.


கிளிநொச்சி_உழவன்

வணக்கம் அண்ணை. எங்கட பழைய பிக்கப்பிலும் இப்படி ஒரு பிரச்சினை இருந்தது, ஆனால் காரணம் வேறை. இஞ்சினையும் சேசியையும் இணைக்கிற எர்த் பட்டி உள்ளுக்குள் அறுந்து கொஞ்சக் கம்பிதான் மிச்சம் இருந்தது. வெளியில் பார்த்தால் முழுப் பட்டிபோலத் தெரியும். ஸ்ராட் பண்ணும்போது கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அக்சிலேற்றர் கேபிள் வழியாகப் போயிருக்கு. கேபிளின் பிளாஸ்ரிக் உறை உருகி, ஒருநாள் அதிலிருந்து புகையே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எர்த் என்று பிடிபட்டது. பற்றறி புதிசு என்று நம்பி இருந்துவிடாமல் எர்த்தையும் பாருங்கோ.


நாமக்கல்வயரிங்

அருமையான தகவல் தம்பி. எர்த் கெட்ட வண்டியில் கிளட்ச் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள் சுடுவதை நானும் பார்த்திருக்கிறேன். கரண்ட்டுக்கு எந்த உலோகம் கிடைத்தாலும் சரி, அதன் வழியே வீடு திரும்பிவிடும்.

இப்போது அளவுக்கு வருவோம். மல்டிமீட்டர் ஒன்று போதும், விலை அதிகமில்லை. ஓம்ஸில் வைத்துப் பார்க்க வேண்டாம். பேட்டரி கேபிளில் செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே காணாமல் போகும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டாது. பூஜ்யம் என்றுதான் சொல்லும். அதனால் கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ நலம்.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் போஸ்ட்டிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல, நடுவில் உள்ள ஈயத்தில். இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல பேட்டரி பிளஸ் போஸ்ட்டுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5க்குமேல் போகக் கூடாது.

கடைசியாக அந்தச் சின்ன வயர். செல்ஃபில் அதற்கு 50 என்று நம்பர் போட்டிருக்கும். பெரிய போல்ட்டுக்கு 30. ஜெர்மன் தர நம்பர், பெரும்பாலான வண்டிகளில் சாவி ஸ்விட்ச்சிலும் இதே நம்பர்தான். பேட்டரி பிளஸ்ஸுக்கும் 50க்கும் நடுவே சாவியைத் திருப்பிப் பிடித்து அளந்து பாருங்கள்.


முருங்கைலோடு

அண்ணே, அளந்தேன். பேட்டரி 12.6. செல்ஃப் சுற்றும்போது 10.5. எர்த்தில் 0.1, பெரிய கேபிளில் 0.2. இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது போல. 50க்குப் போகும் வயரில் 1 வோல்ட் காட்டியது. ஆனால் இது எல்லாம் வண்டி நன்றாக எடுக்கும்போது அளந்தது. கோளாறு வரும் நேரத்தில் நான் ரோட்டில் தனியாக நிற்கிறேன். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் மீட்டர் என்று எப்படி அளப்பது?


நாமக்கல்வயரிங்

விட்டு விட்டு வரும் கோளாறில் கஷ்டமே அதுதான். எடுக்கும்போது அளந்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத் தெரியும். கோளாறு வரும்வரை காத்திருந்து, அந்த நொடியில் அளவு கண்முன்னால் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். பைக்கில் மாட்ட விற்பார்களே, சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர், அதில் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் சிவப்பு வயரை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து இழுங்கள். இன்னொன்றின் சிவப்பு வயரை செல்ஃபின் 50ஆம் நம்பரிலிருந்து இழுங்கள். இரண்டுக்கும் தொடங்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் போட மறக்காதீர்கள். கருப்பு வயர் இரண்டும் பேட்டரி மைனஸ்ஸுக்கு. வயர் சைலன்சர், ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் கட்டி, இரண்டு மீட்டரையும் டேஷ்போர்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

செல்ஃப் எடுக்காத அந்தச் சமயம் சாவியைத் திருப்பிப் பிடித்து இரண்டு எண்ணையும் போட்டோ எடுங்கள். இரண்டும் 12க்குப் பக்கத்தில் இருந்தால் கரண்ட் செல்ஃப் வரைக்கும் வந்துவிட்டது, கோளாறு செல்ஃபுக்குள். 50இல் மட்டும் குறைவாக இருந்தால் சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் கோளாறு. மோட்டார் மாற்றுவதா வேண்டாமா என்று அந்த போட்டோ சொல்லிவிடும்.


வேலூர்_மினிலாரி

மீட்டர் எல்லாம் எதற்கு, டெஸ்ட் லேம்ப் போதாதா? 50இல் வைத்துப் பார்த்தால் எரிகிறதா இல்லையா தெரிந்துவிடுமே.


நாமக்கல்வயரிங்

இந்த வேலைக்குப் போதாது. டெஸ்ட் லேம்ப் இழுக்கும் கரண்ட் கால் ஆம்பியர்கூட இருக்காது. ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பளிச்சென்று எரியும். சொலினாய்டு இழுக்கும்போது முப்பது ஆம்பியர் கேட்கும், அதை அந்த ஒற்றை இழை தூக்காது. லேம்ப் எரிகிறது, வயர் நல்லது என்று முடிவுகட்டி மோட்டாரைக் கழற்றியவர்கள் நிறைய. லேம்ப்தான் வேண்டுமென்றால் பழைய ஹெட்லைட் பல்பை உபயோகியுங்கள். 55 வாட், நாலரை ஆம்பியர் இழுக்கும். ஓரளவு உண்மையைச் சொல்லும்.


முருங்கைலோடு

மாட்டிவிட்டேன். இன்று பொள்ளாச்சி தாண்டி நிறுத்தி எடுக்கும்போது கோளாறு வந்தது. ‘டிக்’ என்றது, எடுக்கவில்லை. போட்டோ எடுத்துவிட்டேன். பேட்டரி 12.3. செல்ஃபின் 50இல் 7.9!

கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிட்டது. எடுத்தபோது பேட்டரி 10.5, 50இல் 9.5.


நாமக்கல்வயரிங்

மாட்டிக்கொண்டது. 4.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. மோட்டாரைத் தொடாதீர்கள், அதன் மேல் குற்றமில்லை.

சூட்டில் மட்டும் ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, இப்போது சொல்லலாம். செம்பு சூடானால் தடை கூடும், ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். இன்ஜின் நின்றவுடன் ஃபேன் காற்று நின்றுவிடும், எக்ஸாஸ்ட் சூடு முழுக்க மேலே ஏறிப் பக்கத்தில் இருக்கும் செல்ஃபை வேகவைக்கும். ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய இருபது நிமிடத்தில் சூடு கூடும். 30 டிகிரியில் இருந்த சொலினாய்டு சுற்று 90க்குப் போனால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. கரண்ட் குறைகிறது. சொலினாய்டின் இழுப்பு கரண்டின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். கரண்ட் முப்பது சதவீதம் விழுந்தால் இழுப்பு பாதியாகிவிடும். வயரில் தடை இல்லாத வண்டியில் இந்தக் குறைவை 12 வோல்ட் சமாளித்துவிடும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே வழியில் வோல்ட் போகிறது, அதனால் காலையில் எடுத்துவிடுவது மதியத்தில் முடியாமல் நின்றுவிடுகிறது.

நன்றாக எடுக்கும்போது 1 வோல்ட் மட்டும் போவதற்கும் காரணம் உண்டு. சொலினாய்டு முழுசாக உள்ளே போனதும் இழுக்கும் சுற்றுக்கு வேலை முடிந்துவிடுகிறது. பிடிக்கும் சுற்று மட்டும்தான் கரண்ட் எடுக்கும். அது கொஞ்சம்தான். ஆக அன்று நீங்கள் அளந்தது பொய் இல்லை. கோளாறு ஒளிந்துகொள்ளும் நேரத்தில் அளந்தீர்கள், அவ்வளவுதான்.

இனி வழியை மூன்றாக வெட்டுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து சாவி ஸ்விட்ச்சின் 30 வரை ஒரு அளவு. ஸ்விட்ச்சின் 30க்கும் 50க்கும் நடுவே ஒரு அளவு. ஸ்விட்ச்சின் 50இலிருந்து செல்ஃபின் 50 வரை ஒரு அளவு. மூன்றும் சேர்ந்து 4.4 வரவேண்டும். வண்டி சூட்டில் எடுக்காத அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும், கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.


ஒட்டடைப்பட்டறை

எண் தெளிவாகத்தான் இருக்கிறது, மோட்டார் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். பேட்டரியிலிருந்து ஒரு வயர், நடுவில் ஒரு புஷ் பட்டன், அங்கிருந்து நேராக 50க்கு. சாவி ஆன் செய்து பட்டனை அமுக்கினால் எடுத்துவிடும். லாரிக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.


நாமக்கல்வயரிங்

ஓட்டுகிறார்கள், தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்ன் பட்டன் மாதிரி ஒன்றின் வழியாக முப்பது ஆம்பியர் போனால் அதன் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் செல்ஃப் விடாமல் சுற்றும். ஃப்ளைவீல் பல், பெண்டிக்ஸ் (அந்தப் பல்லில் போய்ப் பொருந்தும் செல்ஃபின் கியர்) எல்லாம் போய்விடும், வயர் தீப்பிடிக்கும். அதைவிட, சாவி இல்லாமலே பட்டனை அமுக்கினால் செல்ஃப் சுற்றுகிறது. கியரில் நிற்கும் வண்டிக்குள் ஒரு குழந்தை ஏறி அதை அமுக்கினால் என்ன ஆகும்? கோளாறு எங்கே என்று கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டோம். அதை மறைத்துவிட்டுச் சுற்றுவழி போட வேண்டாம்.


முருங்கைலோடு

தம்பியைக் கூட அழைத்துப்போய் அளந்தேன். பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை 0.6. ஸ்விட்ச்சுக்குள் 0.5. ஸ்விட்ச்சிலிருந்து செல்ஃப் வரை 3.3.

அந்தக் கடைசி வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். டேஷ்போர்டுக்கு அடியில் நன்றாகத்தான் இருந்தது. பயர்வாலைத் தாண்டி இன்ஜின் பக்கம் வந்ததும், மற்ற வயர்களோடு கட்டின கட்டுக்குள் ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. பிரித்தால் வயரை அங்கே வெட்டி, மறுபடி கையால் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். முன்பு வைத்திருந்தவர் ஏதோ திருட்டு அலாரம் மாட்டிக் கழற்றியிருக்கிறார். அலாரம் பெட்டி இருந்த ஸ்க்ரூ ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது.

டேப்பின் பசை உருகி தார் மாதிரி விரலில் ஒட்டியது. மஞ்சள் வயரின் உறை அந்த இடத்தில் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, தொட்டால் பொடிந்தது. முறுக்கைப் பிரித்தால் செம்பு தெரியவில்லை, எல்லாம் பச்சைப் பொடி. நடுவில் நாலைந்து இழைதான் கறுப்பாக மிச்சம். இது எப்படி இத்தனை வருடம் வண்டியை எடுக்க வைத்தது என்றே புரியவில்லை.


நாமக்கல்வயரிங்

இதைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது ஆம்பியர் போய் 3.3 வோல்ட் அங்கே தொலைந்தால், சாவியைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் அந்த முறுக்கில் 66 வாட் சூடு உண்டாகியிருக்கிறது. உறை நிறம் மாறாமல் என்ன செய்யும்?

இப்போது சரிசெய்யும் முறை. அந்தப் பக்கத்து வயரை நல்ல செம்பு தெரியும்வரை இரண்டு புறமும் வெட்டுங்கள். அந்தப் பச்சைப் பொடி உறைக்குள் ஒரு சாண் தூரம்கூட ஏறியிருக்கும், சுரண்டிப் பயன்படுத்த வேண்டாம். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, கிரிம்ப் ஸ்லீவ் வைத்துச் சரியான பிளையரால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். இன்ஜின் பக்கம் வெறும் டேப் நிற்காது.

அதோடு ஒரு ரிலேயும் (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட்டுவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை 0.6, ஸ்விட்ச்சுக்குள் 0.5 என்பதும் இருபது வருட வண்டிக்கு வந்த தேய்மானம்தான். 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலே. அதன் 30ஆம் கால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பியூஸ் வழியாக, 87 செல்ஃபின் 50க்கு, 86 பழைய சாவி வயருக்கு, 85 எர்த்துக்கு. இனி சாவி ஸ்விட்ச் தூக்க வேண்டியது ரிலே காயிலின் கரண்ட் மட்டும்தான், கால் ஆம்பியர்கூட வராது. மலிவான ரிலே வாங்காதீர்கள். ரிலே ஒட்டினாலும் செல்ஃப் விடாமல் சுற்றும் ஆபத்து உண்டு. முடிந்தால் ஒரு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்சும் எட்டும் இடத்தில் வையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், வெடிக்கும்.


தாராபுரம்_பால்வண்டி

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் வண்டி வேறு மாதிரி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, காலையில் மட்டும் நெடுநேரம் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்தபின் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. சேலம் அண்ணன் கொஞ்சம் பாருங்கள்.


சேலம்பம்ப்

இரவில் எங்கோ காற்று உள்ளே இழுத்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பாருங்கள். காலையில் முதல் தடவை அடிக்கும்போது குமிழ் ஓடினால் டேங்க் பக்கம் லீக். டீசல் வெளியே ஒழுக வேண்டும் என்று இல்லை, காற்று மட்டும் போகும் லீக்கும் உண்டு. ஃபில்டர் வாஷர், பிரைமர், ரிட்டர்ன் ஹோஸ், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வெடிப்பு, இந்த வரிசையில் பாருங்கள். ஹேண்ட் பிரைமரை அழுத்திவிட்டு அடித்தால் உடனே பிடிக்கிறதா என்று நாளைக்கே சோதித்துவிடலாம். பிடித்தால் நான் சொன்னதுதான்.


முருங்கைலோடு

வயர் மாற்றி ரிலேயும் போட்டாகிவிட்டது. அதன் பிறகு நல்ல வெயிலில், லோடோடு, வாளையாறு பக்கம் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். செல்ஃப் எடுக்காத நேரம் என்று ஒன்று வரவே இல்லை. சுற்றும்போது பேட்டரி 10.4, 50இல் 10.2. டேஷ்போர்டு மீட்டரைக் கழற்ற மனமில்லை, அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ரிலே வயருக்கு 30 ஆம்பியர் பிளேடு பியூஸ் போட்டிருக்கிறார் எலக்ட்ரீஷியன். இழுக்கும்போது முப்பது ஆம்பியர் போகும் என்றீர்களே, கொஞ்சம் கூடினால், பியூஸ் போய் ரோட்டில் நிற்க மாட்டேனா? அப்புறம் ரிலேயில் ஐந்தாவதாக ஒரு கால் இருக்கிறது, அதில் எதுவும் மாட்டவில்லை.


நாமக்கல்வயரிங்

30 ஆம்பியர் பியூஸ் 35 ஆம்பியர் போன அந்த நொடியே போய்விடாது, அதிகச் சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கும். சொலினாய்டு இழுத்து முடிக்க அரை நொடிகூட ஆகாது. ஆனாலும் வயர் 4 சதுர மில்லிமீட்டர் என்பதால் 40 போட்டுக்கொள்ளலாம். நான் 40தான் போடுவேன். அதற்குமேல் ஏற்ற வேண்டாம், பியூஸ் காப்பது வயரைத்தான். டேஷ்போர்டு பெட்டியில் இரண்டு உதிரி பியூஸ் வைத்திருங்கள்.

ஐந்தாவது கால் 87ஏ. ரிலே வேலை செய்யாதபோது 30ஓடு சேர்ந்திருக்கும் கால் அது. அதாவது அதில் எப்போதும் பேட்டரி கரண்ட் நிற்கும். எதுவும் மாட்டாதீர்கள், ஆனால் திறந்தும் விடாதீர்கள். சாக்கெட்டில் அந்த இடத்து வயர் நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி மடக்கிக் கட்டிவிடுங்கள்.